உழிஞை, புளோக் 347

பெங் சூன் எப்போதும் டிராகன்தான் ஆடுவான்.
ஏழு வருடம். ஒரு சனிக்கிழமைகூட மாற்றியதில்லை.
ஜி ஏழில் மந்திரியைச் சுருட்டி வைத்து
நீள்மூலை முழுக்க மூச்சு விடுவான்,
புக்கிட் பாத்தோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில்,
விரலில் மீன் உருண்டை வாசத்தோடு.
பதினொன்றுக்கு அவன் கைபேசி அலறும். எழுந்துவிடுவான்.
மூன்றரைக்குக் கடையில் மீன் அரைக்க வேண்டும்.
முடியாத ஆட்டம் சமன். அதுதான் ஒப்பந்தம்.

நான் பாசிர் பாஞ்சாங்கில் பளுதூக்கி ஓட்டுகிறேன்.
கப்பல் தாமதமான இரவுகளில்
நாற்பது மீட்டர் உயரக் கூண்டில் உட்கார்ந்து
இவனுக்காகவே படித்தேன்:
எஃப் மூன்றில் ஒரு சிப்பாய், தாழ்ப்பாள் மாதிரி.
மந்திரிக்குப் பின்னால் அதே கோட்டில் ராணி.
இடப்பக்கம் கோட்டைகட்டி ராஜாவை அனுப்பிவிட்டு
வலப்பக்கக் கதவுகளையெல்லாம் பெயர்த்தெடு.

உயர்நிலை நான்கில், இலக்கியத் தாளில்,
புறத்திணைக் கேள்விக்குப் பத்துக்கு ஒன்றரை வாங்கியவள்.
மதிலை வளைப்பவன் உழிஞை சூடுவான்,
காப்பவன் நொச்சி. அவ்வளவு ஞாபகம்.
ஒரே தலையில் ஒரே நேரத்தில்
இரண்டையும் சூட நேர்ந்தால் என்ன செய்வதென்று
அவர்கள் கேட்கவில்லை.

எச் நாலு. எச் ஐந்து.
குதிரை சிப்பாயைத் தின்றது. தின்னட்டும்.
ஜி நாலு. குதிரை திரும்பி ஓடியது.
திறந்துகிடந்த வரிசையின் கோடியிலிருந்து
என் யானை அவன் வாசலைப் பார்த்தது.
மந்திரிக்கு மந்திரி வெட்டி நெருப்பை அணைத்தேன்.
என் ராணி எச் ஆறில்.

அவன் கோப்பி ஓ பையைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினான்.
பிறகு யானையைக் கொடுத்து
சி மூன்றில் என் குதிரையை எடுத்தான்.
வெட்டினேன். வேறு வழி?
ராஜா வீட்டுச் சுவரில் ஆள் நுழையும் ஓட்டை.
ஏ ஐந்தில் வந்து எட்டிப் பார்த்தாள் அவன் ராணி.

ஜி ஐந்து என்று குதிரையை விரட்டினேன்,
ஓரத்துக்கு ஓடியது,
நானும் என் யானையைக் கொடுத்து அதை வாங்கினேன்.
சத்தம் கேட்டு,
கூடாரம் போட வந்தவர்கள் திரும்பினார்கள்.
ஒன்பதாம் மாடியில் யாரோ இறந்திருக்கிறார்;
விடிவதற்குள் நூறு நாற்காலி விரிக்க வேண்டும்.

இன்னொரு யானை எச் ஒன்றுக்கு வந்தால் போதும்.
கை கிளம்பிவிட்டது.
தொட்டால் ஆடியாக வேண்டும்.
நாற்காலிகளை அணைத்துக்கொண்டு நின்ற ஒருவன்
என் ராணியையும் பார்க்கவில்லை, அவன் ராஜாவையும் பார்க்கவில்லை.
இடக்கோடி மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
காலியான கட்டம் ஒன்றை,
அடுப்பில் பால் வைத்தவன் மாதிரி.

அங்கிருந்துதான் வருவாள்.
சி மூன்று, ஏ ஒன்று, கடைசி வரிசை நெடுக நடந்து
நான் வைக்கப்போகும் யானையின் தலைவரை.

ராஜாவைத் தொட்டேன்.
பி இரண்டு. ஓரடி.
இவ்வளவு முற்றுகைக்கு நடுவில்
சட்டைப் பொத்தான் போடுவது போல.

“அலாமக்” என்றான் பெங் சூன், பலகையிடம்.
மணி பதினொன்று. கைபேசி அலறியது.
அணைத்தான்.
எழவில்லை.
முழங்கைகளைக் கல்லில் ஊன்றி
கன்னத்தில் கைவைத்துக்கொண்டான்.

நாளை புளோக் 347க்கு
நூடுல்ஸ் தாமதமாகும்.