அரைப் பேர்

ஒவ்வொரு முறையும் வேறு எண் சொல்கிறது.
முதல் ஓட்டத்தில்
நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து ஓட்டினால்
இருபத்துமூன்று குறைவு.
மூன்றாம் முறை எண்ணைப் பார்க்காமலே
திரையை மூடினேன்.

பேராதனையில் இரவு பதினொன்று.
ஹந்தானையிலிருந்து இறங்கிய பனி
ஆய்வுகூட ஜன்னலில் மூக்கை வைத்திருக்கிறது.
தலவாக்கலைப் பக்கம் நானே கிள்ளி
ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் மடியில் ஏந்தி வந்த
கொப்புளம் விழுந்த இலைகள்;
அவற்றைத் தின்ற பூஞ்சணம் இப்போது
ஏ, சீ, ஜீ, டீ என்று
முடிவில்லாத வரிகளாய் வட்டில் கிடக்கிறது.
இருபத்தோர் எழுத்துக்கு ஒரு துண்டாய் நறுக்கி
எந்தத் துண்டு எத்தனை தடவை என்று எண்ண வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
ஒருத்தி எண்ணினால் விடிந்துவிடும்,
ஆகவே பதினாறு இழைகள்.

ருஸ்னா பலகையில் ஒரு பெட்டி வரைந்தாள்.
உள்ளே ஏழு.
"இவன் ஏழைப் பார்த்தான்.
அதே நொடி அவனும் ஏழைப் பார்த்தான்.
இவன் ஒன்று கூட்டி எட்டு எழுதினான்.
அவனும் ஒன்று கூட்டி எட்டு எழுதினான்.
இப்ப சொல்லு, ஒன்பது எங்கே?"

யாரும் எடுக்கவில்லை.
யாரும் பொய் எழுதவில்லை.
இரண்டு பேரும் கூட்டியது சரிதான்.

பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன்.
எண் நேரானது.
நேரம்தான், தனியொருத்தி எடுத்ததைவிட
நாற்பது நிமிஷம் கூட.
பதினாறு பேரும் கூடையை இறக்காமல்
ஒரே தராசின் முன்னால் நிற்கிறார்கள்,
அட்டை ஏறுவதையும் தட்டிவிடாமல்.

ஞாயிறு அக்கா போன் எடுத்தாள்.
என்னடி படிக்கிற என்றாள்.
சொன்னேன்; பெட்டி, ஏழு, இரண்டு எட்டு.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

"போன மாசம் நிறுவைக்கு ரெண்டு தராசு வச்சாங்க,
சீக்கிரம் முடியட்டும்னு.
தராசுதான் ரெண்டு, கணக்கு ஒரே தாள்.
காலையில எனக்குப் பதினொன்னு.
மத்தியானம் மத்தத் தராசுல ஒம்பது.
தாள்ல பதினொன்னுதான் நின்னுச்சு.
அன்னைக்கு எனக்கு அரைப் பேர்."

பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு முழுப் பேர்.
குறைந்தால்
புஷ்பகாந்தியில் பாதிதான் அன்று மலைக்குப் போனது.

தீர்வு இருக்கிறது அக்கா என்றேன், மாணவியின் அவசரத்தோடு.
ஆளுக்கொரு தாள். அவரவர் கணக்கு அவரவரிடம்.
கடைசியில் மட்டும் எல்லாத் தாளையும்
ஒரே இடத்தில் கூட்ட வேண்டும்.
ஒரே ஒரு வரி. அதற்குப் பேர் ரிடக்ஷன்.

"ரிடக்ஷனா?
சம்பளத்துல வெட்டுறதுக்கா அந்தப் பேரு?"

இல்லை, கூட்டுறதுக்கு என்றேன்.
அக்கா சிரித்தாள். நானும்தான்.
பிறகு கேட்டாள்:
"ஒன்னோட மெசினுல ஒரு வரியில திருத்திட்ட.
என்னோட தாள யாருகிட்ட குடுக்குறது?"

அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்.
பதினாறு இழைக்குப் பதினாறு மடங்கு வேகமில்லை,
ஆறு கூட வரவில்லை.
கோப்பை வாசிப்பது இன்னும் ஒருத்திதான்;
வாசலில் ஒருத்தி நின்றால்
உள்ளே எத்தனை பேர் இருந்தென்ன.
அதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

எண் மட்டும் நின்றது.
நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று.
முதல் தடவை கண்டதும் குறைவுதான் என்று
அப்போதுதான் தெரிந்தது.
மறுபடி ஓட்டினேன். அதே.
ருஸ்னா விசைப்பலகை ஓரத்தில் தூங்கிவிட்டாள்.
மறுபடி.

குறிப்பேட்டில் திகதி, கோர்களின் எண்ணிக்கை, நேரம்.
ஓரத்தில், எந்தப் பத்திக்கும் சேராமல்,
பதினொன்றும் ஒன்பதும்
இருபது.