மூன்றரைக்குக் கரண்ட் போகும்

என் கிதாரில் மூன்று பிக்கப்.
மூன்றும் உறுமும்.
கீழே பன்னிரண்டு விசைத்தறி,
மேலே தகர அறை, அதில் நான்.
பொதட்டூர்பேட்டையில் வேறு எப்படி இருக்க முடியும்?

தந்தியை மீட்டிவிட்டு உள்ளங்கையால் அடக்கினாலும்
ஆம்ப் அடங்காது.
பந்தியில் சாப்பிட்டு முடித்தும்
இலையை விட்டு எழாத ஆள் மாதிரி
ம்ம்ம் என்று உட்கார்ந்திருக்கும்.
சுவர்ப்பக்கம் திரும்பினால் கொஞ்சம் குறையும்.
ஆறு மாதமாகச் சுவரைப் பார்த்தே வாசிக்கிறேன்.
புத்தூர் ரிசப்ஷனிலும் அப்படியே
மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி நின்றேன்.
இருநூறு பிடித்துக்கொண்டார் ஆர்கெஸ்ட்ரா லோகநாதன்.

மாற்றிவிடலாம் என்பது முடிவு.
எதை என்பது தீராத வழக்கு.
அல்னிகோவில் இரண்டா, ஐந்தா?
செராமிக் என்றால் எடுத்ததுமே கத்தும்.
ஹம்பக்கரில் சுருள் இரண்டு,
ஒன்று வலம், ஒன்று இடம்,
காந்தமும் தலைகீழ்;
இரைச்சல் இரண்டிலும் புகுந்து
தன்னைத் தானே தின்றுவிடுமாம்,
தந்தியின் ஒலி மட்டும் கூடி நிற்குமாம்.
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.
ஆனால் உச்சியில் ஒரு மினுக்கு உண்டே,
புது எவர்சில்வர் டம்ளரைச் சுண்டினால் வருமே,
அது போய்விடும் என்கிறான் கீபோர்டு முனிரத்தினம்.
அது உன் கிதாரில் எப்போது இருந்தது என்றும்
அவனே கேட்கிறான்.
ஒரு செட் விலை என் நாலு மாத வாடகை.

நகரியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறாள் ஷாகிரா.
கிதாரை மடியில் கிடத்தி எல்லை தாண்டிப் போனேன்.
அட்டையைக் கழற்றி மீட்டர் முள்ளை வைத்தாள்.
ஐந்து புள்ளி எட்டு.
ஐந்து புள்ளி ஒன்பது.
ஆறு புள்ளி இரண்டு.
முடியை விட மெல்லிய கம்பி,
ஆயிரக்கணக்கில் சுற்று,
எங்கும் அறவில்லை.
"பாகானே உந்தி" என்றாள்,
என் முகத்தைப் பார்த்துத் தமிழிலும் சொன்னாள்:
"நல்லாத்தான் இருக்குது. காது அது.
உங்க ஊருல என்ன இருக்குதோ
அதத்தானே கேக்கும்?"

ரிப்பேருக்கு வந்து யாரோ பிரசங்கியார்
திரும்ப வாங்காமல் விட்டுப்போன
பேட்டரி ஆம்ப் ஒன்று மூலையில் கிடந்தது.
வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடணும் என்று
தூசி தட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் மூன்றரைக்குக் கரண்ட் போனது.
இங்கே தறி நின்றால் ஆம்ப் நிற்கும்,
ஆம்ப் ஓடினால் தறி ஓடும்.
பதினோரு வருடத்தில்
இரண்டும் ஒருநாள் பிரிந்ததில்லை.
அன்று பிரிந்தன.

மேல் தந்தியைத் தொட்டேன்.

டம்ளர்.
சுண்டிய டம்ளரேதான்.
நகம் உரசுவது கேட்டது.
விரல் கட்டை மாறும்போது
சின்னதாய்க் கீச்சிட்டது,
அதையும் இவ்வளவு நாள் நான் கேட்டதில்லை.
ஒலி தேய்ந்து தேய்ந்து போய்
எங்கே முடிந்தது என்று தெரிந்தது.
முடிந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.
கீழே தார் சுற்றுகிற கன்னியம்மா
தலையை வெளியே நீட்டிக் கேட்டாள்:
"என்னாப்பா, புதுசு வாங்கிட்டியா?"

நாலரைக்கு எல்லாம் ஓட ஆரம்பித்தது.

கடைசியில் வாங்கியது ஒன்றே ஒன்று.
ஒற்றை அளவுக்குள் ஒடுக்கிய இரட்டைச் சுருள்,
பிரிட்ஜ் பக்கம் மட்டும்,
மேடைக்கும் லோகநாதனுக்கும்.
இப்போது மாப்பிள்ளையைப் பார்த்தே வாசிக்கலாம்.
கழுத்துப் பக்கம் பழசு அப்படியே.
திருகாணியை மட்டும் இரண்டு சுற்று இறக்கினேன்,
காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்காத தூரத்துக்கு.
நடுவில் இருப்பதை என்ன செய்வதென்று
இன்னும் தெரியவில்லை.

வெள்ளி போய்விட்டது.
சனிக்கிழமை ஷாகிரா போன் செய்தாள்,
ஆம்ப் எங்கே என்று.
மணி மூன்று இருபத்தெட்டு.
ஒரு மணி நேரம் கழித்துக்
கூப்பிடட்டுமா என்றேன்.