வெள்ளைச் சோடி

வவுனியாக் கடைக்காரன் பிஞ்ச் என்றான்.
எனக்குப் பிஞ்சு என்றுதான் கேட்டது.
வெள்ளையில் ஆணொன்று பெண்ணொன்று,
தினை கால் கிலோ சும்மா.
பரந்தன் வரும்வரை பஸ்ஸில்
மடியில் சப்பாத்துப் பெட்டி,
ஊசியால் குத்திய ஓட்டைகளுக்குள்ளிருந்து
விளையாட்டுக் காரின் ஹோன் போல
ஒரு சத்தம்.
பக்கத்துச் சீற்றுப் பிள்ளை
இறங்கும்வரை என் மடியையே பார்த்தது.

முரசுமோட்டையில்
கூட்டை நானே அடித்தேன்.
தற்காலிக வீட்டில் கழற்றிய தகரம் கூரைக்கு,
விரல் நுழையாத கம்பிவலை சுற்றிவர,
மேற்கே சாக்கு.
அந்தப் பக்கத்து வெயில் எனக்கே ஆகாது.
எறும்பு ஏறாமல் நாலு காலுக்கும்
எண்ணெய் விட்ட மீன்ரின்.

ஏழு முட்டை.
இரண்டும் மாறி மாறிக் கிடந்தன,
இருபத்தொரு நாள்.
பிறகு போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு நரம்புகூட ஓடவில்லை,
ஏழும் வெறும் மஞ்சள்.

என்னோடு வேலை செய்யும் சுகிர்தமலர்
வலையில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.
"அலகைப் பாரடி.
சேவலென்றால் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவக்கும்.
இது ரெண்டும் தோடம்பழம்.
ரெண்டும் பெட்டை."

ஒன்றைத் தா, சேவல் தருகிறேன் என்றான் கடைக்காரன்.
எவளைக் கொடுப்பது?
இருபத்தொரு நாள்
ஒருத்தி எழும்ப ஒருத்தி இருந்தவர்கள்.
காசு கொடுத்துச் சேவல் இரண்டு வாங்கினேன்.
சாம்பல் முதுகு,
கன்னத்தில் செங்கல் பொட்டு,
ஓயாத வாய்.

இரண்டு சோடிக்கு நாலு முட்டி கட்டவேண்டும்,
நாலும் ஒரே உயரத்தில்.
ஒன்று மேலே போனால்
எல்லாருக்கும் அதுதான் வேண்டும்.
காணிக் கச்சேரிக்காரர் ஒருநாள் வந்து பார்க்கலாம்.

தும்பு நீளமாகப் போட்டது என் பிழை.
ஒருத்தியின் காலில் சுற்றி
தலைகீழாகத் தொங்கினாள்.
நகம் வெட்டும் கத்தரியால் அறுத்தேன்.
உள்ளங்கைக்குள் அவள் நெஞ்சு
எண்ண முடியாத வேகத்தில் அடித்தது.
அன்றிலிருந்து தும்பை
விரல் நீளத்துக்கு நறுக்கித்தான் போடுகிறேன்.

இன்னொரு பிழையும் இருக்கிறது.
முட்டை வந்த பிறகும்
தரையில் தும்பு கிடந்தால்
சேவல் விடமாட்டான்.
கொண்டுவந்து கொண்டுவந்து
முட்டைக்கு மேலேயே அடுக்குவான்,
வீடு கட்டுவதை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்.
முட்டி வாய்வரை நிறைந்தபோதுதான் விளங்கியது.
மேலிருந்து கிண்டவில்லை.
பக்கவாட்டால், இரண்டு விரலால்,
தும்பு தும்பாக எடுத்துப் போனேன்.
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.
மாங்குளத்துக்கு அப்பால் காட்டோரம்
ஒரு நாளைக்கு ஒரு பாயளவு நிலம்,
முழங்காலில்.

அடியில் மூன்று முட்டை,
மூன்றும் குளிர்ந்து.

இந்த முறை
நாலாவது முட்டையோடு தரையைக் கூட்டிவிட்டேன்.
முல்லைத்தீவிலிருந்து சாரதி கொண்டுவந்த கணவாய் ஓடு,
அவித்த முட்டை மசித்தது,
பொன்னாங்காணி இரண்டு நெட்டு,
குளிக்க ஒரு தட்டுத் தண்ணீர்.
கதவைச் சாத்தி விலகி நிற்கிறேன்.
கை துருதுருக்கிறது.
தொடாதே என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில்
எட்டு வருசம் வேலை செய்த கை.

பதின்மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
பதின்நாலாம் நாள் விடிய
வேலைக்கு வான் வந்து ஹோன் அடித்தது.
சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தேன்.
கூட்டுத் தரையில், மீன்ரின் ஓரம்,
அரை முட்டை ஓடு,
உள்பக்கம் இன்னும் ஈரம்.
முட்டிக்குள்
மணலை மணலில் உரசுவது போல.

பின்னேரம் தாளில்
இத்தனை சதுரமீற்றர், இத்தனை உருப்படி என்று
கையெழுத்து வைத்தேன்.
வானில் சுகிர்தமலர் கேட்டாள்,
"எத்தனை பொரிச்சது?"

நான் பார்க்கவில்லை என்றேன்.
அவள் நம்பவில்லை.