வைத்துவிட்டுப் போனது

கரோல் பாகில், மெட்ரோத் தூண்களுக்குப் பின்னால்,
பெயரில் மட்டும் அரண்மனை உள்ள விடுதி.
சக்கரம் வைத்த பெட்டிதான், தானாகவே உருளும்.
ஆனாலும் ஒரு பையன்
கைப்பிடியின் மறுபாதியைப் பற்றிக்கொண்டு
மூன்றாவது மாடி வரை வந்தான்.
விளக்கைப் போட்டுக் காட்டினான்.
ஏசியைப் போட்டுக் காட்டினான், ஜனவரியில்.
டிவியைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்தான்.
பிறகு போடுவதற்கு ஒன்றும் இல்லாமல்
நின்றான்.

என் பையில் எல்லாம் ஐந்நூறு.
அவன் கண்ணில் முப்பதோ நாற்பதோ.
நடுவே நான் சொன்ன தேங்க்யூ
கதவிடுக்கில் விரல் மாதிரி
நசுங்கியது.

நான் தணிக்கைக்காரி. ஈரோட்டில் அலுவலகம்.
யார் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும்
எங்கே என்று கேட்டே பழகியவள்.
பயணப்படிப் படிவத்தில்
சாப்பாடு உண்டு, டாக்ஸி உண்டு, சலவை உண்டு,
கடைசியில்
'இதர: ரசீது இணைக்கவும்.'

அன்றிரவு சில்லறைக்காக
வேண்டாத சோப்பு வாங்கினேன், அடுத்த கடையில் தீப்பெட்டி.
பான் கடைக்காரர் என் மூன்றாவது ஐந்நூறைப் பார்த்து
'இது பேங்க் இல்லை மேடம்' என்றார்.

காலையில் தலையணைமேல் ஐம்பது.
தீர்ப்பாயத்தில் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பினால்
விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை,
துண்டுகள் மடித்திருக்கின்றன,
ஐம்பது மட்டும் தொலைபேசிக்கு அடியில்.
குறைச்சலோ?
மறுநாள் நூறு வைத்தேன்.
அதுவும் அங்கேயே,
ஐம்பதின்மேல், ஓரம் பார்த்து அடுக்கி.

தாழ்வாரத்தில் தள்ளுவண்டியோடு அவளைப் பிடித்தேன்.
ஸ்வெட்டருக்கு மேலே சீருடை, மூக்கில் சளி.
என் இந்தியில் மொத்தம் பத்துச் சொல்.
'பைசா,' என்றேன், 'ஆப்கா.' உங்களுடையது.
'ஜீ,' என்றாள், 'ஆப்கா.' உங்களுடையதுதான்.
'ஆப்கா, ஆப்கா' என்றேன் அழுத்தி.
பயந்துபோய் இன்னும் வேகமாகத் தலையாட்டினாள்.
பத்திரமாக இருக்கிறது என்று
சத்தியம் செய்வதுபோல.

கிளம்பும் நாளில்
நூற்றைம்பதையும் மறுபடி தலையணைக்கு மாற்றிவிட்டு
லிஃப்டுக்குக் காத்திருந்து இறங்குவதற்குள்
படி வழியே இறங்கிவிட்டது ஓர் உறை.
வரவேற்பில் நீளப் பதிவேடு:
அறை 312. ரூ.150. காதணித் திருகு 1.
கண்டெடுத்தவர்: அசுந்தா கெர்கெட்டா.
உரியவர் கையொப்பம்.

காதைத் தொட்டேன். இடது தோடு தொங்கலில் இருந்தது.
கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

'இது நான் விட்டுவிட்டுப் போனதில்லை,
வைத்துவிட்டுப் போனது.'
இதை எந்த மொழியில் சொல்வது?
தட்டுத்தடுமாறிச் சொன்னதும்
வரவேற்பிலிருந்த தன்வர் சிரிக்கவில்லை.
போன மாதம் ஒருவர் ஆயிரம் காணோம் என்றாராம்.
ஒரு பையனை அன்றே அனுப்பிவிட்டார்களாம்.
பணம் பிறகு அவர் கோட்டுப் பையிலேயே இருந்ததாம்,
பையன்தான் திரும்பி வரவில்லை.
'கையில் கொடுத்தால் இனாம், மேடம்.
கட்டிலில் எடுத்தால் களவு.'

அசுந்தா எங்கே? அனெக்ஸில், பின்தெருவில்.
டாக்ஸி ஹாரன் அடிக்கிறது.
'பெட்டியில் போடுங்கள், எல்லாருக்கும் பிரிப்போம்.'
பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி.
பிரித்துக் கொடுத்த கணக்குகளைப்
பதினேழு வருடமாகப் பார்க்கிறேன்.

விடுதித் தாளிலேயே எழுதினேன்,
ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டது:
அறை சுத்தமாக இருந்தது.
இந்தப் பணம் அசுந்தாவுக்கு.
நான் மறக்கவில்லை.
தேதி போட்டேன். போதாது என்று தோன்றியது.
கைப்பையிலிருந்து என் தணிக்கை முத்திரையை எடுத்து
உறையின் ஒட்டின்மேல் அழுத்திக் குத்தினேன்.
கம்பெனிகளின் லாபநஷ்டத்துக்குப் போடும் அதே முத்திரை.
தன்வர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பெட்டியின் மறுபாதியைப் பிடித்து வந்த பையனுக்கு
முதல் நாள் பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தேன்.
எண்ணவில்லை அவன். எண்ணியது நான்.

தௌலா குவான் தாண்டும்போதுதான்
பர்ஸைத் திறந்து தோட்டை எடுத்தேன்.
திருகு?
அது அந்த உறைக்குள்.
அதையும் சேர்த்துத்தான் முத்திரை வைத்திருக்கிறேன்.

இனி அசுந்தா
எதை வைத்துக்கொள்வாள்,
எதைப் பதிவேட்டில் எழுதுவாள்?