ஃபிளாஸ்க்கில் மிச்சம்

முதலில் உறைகளைத்தான் பிரித்தோம்.
அவன் அடுப்பின் அடித்தட்டில், கேக் தகரத்துக்குக் கீழே
பதினேழு உறைகள்.
இரண்டு வருஷமாக அந்த அடுப்பில் எதையும் சுடவில்லை,
திறந்தால் எங்களைச் சுட்டுவிடுமென்று.

எலியாசர் வாசித்தான், நான் எழுதினேன்.
‘மதிப்பிற்குரிய யாஸ்னா அவர்களுக்கு.’
அவ்வளவு மரியாதையாய் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.
கூட்டி வந்த தொகையை
அய்லீனின் கணக்கு நோட்டில் கிழித்த தாளில் எழுதி
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம்.
பாலெடுக்கப் போகிறவர் யாரானாலும்
அதன் முகத்தில் விழிக்க வேண்டும்.

பெரிய காரணம் ஒன்றுமில்லை.
உலகக் கோப்பைக்கு ஒரு டிவி, முப்பத்தாறு தவணை.
பதினொன்றாம் மாதம் டிவி கண்ணை மூடிவிட்டது.
தவணைக்குச் சாவில்லை.
ஒரு அட்டையின் பசிக்கு இன்னொரு அட்டையை ஊட்டினோம்.
வட்டி குட்டி போட்டது,
குட்டியும் சினையானது.

இப்போது விடியலில் ஒரே ஒரு தடவைதான் வெந்நீர்.
கொதித்ததும் ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிடுவேன்.
ஆறு மணித் தேநீர் அது.
பத்து மணிக் காப்பி அது.
மாலை ரொட்டிக்குத் தொட்டுக் குடிப்பதும் அதே தண்ணீர்,
கொஞ்சம் சோர்ந்திருக்கும்,
மீன் ஆலையிலிருந்து திரும்பும் என்னைப்போல.

முன்பு இருபத்திரண்டு நாளில் தீர்ந்த கேஸ் சிலிண்டர்
இந்த மாதம் முப்பத்தொன்று வந்தது.
மாட்டிய தேதியை எலியாசர்
அதன் வயிற்றில் சாக்பீஸால் எழுதுகிறான்.

குன்றிறங்க பஸ் கிடையாது, ஏறத்தான்.
இறக்கத்துக்கெல்லாம் காசு கொடுப்பார்களா என்கிறான்.
மழையில் வழுக்கி விழுந்த அன்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுச் சந்தைக்கு, கடை கட்டும் நேரத்தில் போவேன்.
ஒரு பக்கம் நசுங்கிய தக்காளி, பாதி விலை.
முதல் நாள் எதிரே தோன்யா ஹெர்மினியா,
மூன்றாம் வீட்டுக்காரி, முத்துத் தோடும் கையில் பையுமாக.
நான் அவளைப் பார்க்கவில்லை,
அவள் என்னைப் பார்க்கவில்லை.
இரண்டு பேரும் கொத்தமல்லியை வெகுநேரம் பார்த்தோம்.

செப்டம்பரில் தோற்றோம்.
நாடே கொடியேற்றிக் கரி மூட்டும்போது
எங்கள் முற்றத்தில் மட்டும் புகை வராமல் எப்படி?
இரண்டு நாள் இறைச்சி, வைன், மைத்துனர்கள்.
மூன்றாம் நாள் தாளில் தொகை ஏறியது.
எலியாசர் அதைக் கிழிக்கப் போனான்.
‘அது என் நோட்டுத் தாள்’ என்றாள் அய்லீன்.
அவன் கை அப்படியே நின்றது.

ஒரு மதியம் காற்று கதவைச் சாத்திவிட்டது, சாவி உள்ளே.
பர்ஸில் அந்த அட்டைதான் இருந்தது.
கதவிடுக்கில் நுழைத்து நெம்பினேன்,
தாழ் திறந்தது, அட்டை பிளந்தது.
வட்டியில்லாமல் அது எங்களுக்குத் தந்த ஒரே பொருள்
எங்கள் வீடு.

பிறகு ஒரு ராத்திரி நிலம் ஆடியது.
தால்காவானோவில் அதற்கெல்லாம் யாரும் எழுந்திருப்பதில்லை,
ஆனால் அலமாரியிலிருந்து சில்லறை ஜாடி விழுந்தது.
டார்ச்சும் கையுமாய் மூன்று பேரும் முழங்காலில்.
கண்ணாடித் துண்டை ஒதுக்கி ஒதுக்கி
அய்லீன் எண்ணினாள்:
நாற்பத்தொன்றாயிரத்து அறுநூறு பெசோ.
ஒரு தவணைக்கு ஆயிரத்து நானூறு குறைச்சல்.
ஃபிரிட்ஜுக்கு அடியிலும் சில உருண்டிருக்கும்.
‘நகர்த்தாதே’ என்றான் எலியாசர்,
‘அது சேமிப்பு.’

இன்று காலை எட்டுக்குத் தொலைபேசி அடித்தது.
முன்பெல்லாம் தலையணைக்கு அடியில் திணிப்போம்.
கோப்பையோடு போய் எடுத்தேன்.
பையன் குரல், புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவன்போல,
என் முழுப் பெயரையும் தடுக்கித் தடுக்கிப் படித்தான்.
அவன் தொகைக்கு வருமுன்
நான் தொகையைச் சொன்னேன், கடைசி பெசோ வரை,
மீதித் தவணை பத்தொன்பது என்றும்.
மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

காத்திருந்தேன்.
குடித்துக்கொண்டே.