நாற்பத்தோராம் பக்கம், பன்னிரண்டாம் வரி

டுலூத்தில் ஜனவரி.
ஏரி இறுகி, கப்பல்கள் நின்றுபோய்,
நான்காம் மாடி அறையில் வெப்பக்குழாய் மட்டும்
யாரையோ திட்டிக்கொண்டே இருக்கிறது.
மூன்று வழக்கறிஞர்கள் ஒரு பக்கம்.
எதிரே டானெட் கொஸ்கெலா, வயது இருபத்தொன்பது.
தேர்வில் தேறிவிட்டாள்.
மிச்சம் இருப்பது நடத்தை.
மேசை ஓரத்தில் சுருக்கெழுத்து இயந்திரத்தோடு நான்.

அவள் விண்ணப்பம் அறுபத்திரண்டு பக்கம்.
இருந்த வீடுகள் பதினொன்று,
அதில் ஒன்று கார்.
எந்தத் தெரு என்று போடுவது தெரியாமல்
‘பலசரக்குக் கடைக்குப் பின்புறம்’ என்று எழுதியிருக்கிறாள்.
வேகமாக ஓட்டியதற்கு இரண்டு அபராதம்,
தவணை தவறிய கல்லூரிக் கடன்,
நூலகத்துக்குத் திரும்பாத ஒரு புத்தகம்கூட.

கடைசிக் கேள்வி:
நாங்கள் கேட்காமல் விட்டது ஏதேனும் உண்டா?

பெரும்பாலோர் ‘இல்லை’ என்று போடும் கட்டத்தில்
இவள் எழுதியிருந்தது:
பதினேழு வயதில், ஹேகன் பெட்ரோல் பங்க்கில்,
கல்லாவிலிருந்து நாற்பது டாலர் எடுத்தேன்.
யாரும் பார்க்கவில்லை.
கணக்கு இடித்தபோது வேறொரு பையனை அனுப்பிவிட்டார்கள்.
அவன் பெயர் கோடி. குடும்பப் பெயர் நினைவில்லை.

“புகார் இல்லை, வழக்கு இல்லை,
முதலாளியும் உயிரோடு இல்லை.
இதை ஏன் எழுதினீர்கள்?”
தலைவர் ப்ரெக்கே கேட்டார்.

அவள் பேசவில்லை.
மௌனத்துக்கு என் இயந்திரத்தில் விசை கிடையாது.
கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“நல்லவள் என்பதால் இல்லை.
நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்களோ என்ற பயம்.
எழுதி முடித்த பிறகுதான்
கோடியின் முகமே நினைவுக்கு வந்தது.”

மடியிலிருந்த கனத்தைத் தானே எடுத்து
மேசைமேல் வைத்தவள்
இன்னும் பயந்தபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

“அவனைத் தேடினீர்களா?” இது ட்ஸெலியோஸ் அம்மாள்.
“மூன்று கோடிகள் கிடைத்தார்கள். ஒருவர்கூட அவன் இல்லை.”
“பணம்?”
“பூட்ஸ் வாங்கினேன்.”
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.
இந்த ஊரில் குளிருக்கு விளக்கம் தேவையில்லை.

அப்போதுதான் ப்ரெக்கே சிரித்தபடி சொன்னார்:
“நானாக இருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.”
மற்ற இருவரும் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை, சிரிக்கலாமா என்று தெரியாமல்
உதட்டைப் பாதி திறந்து மூடிக்கொண்டாள்.
அவர் என் பக்கம் திரும்பினார்:
“லோர்னா, அது பதிவுக்கு வேண்டாம்.”

விரல்கள் ஏற்கெனவே அதைத் தாண்டிப் போயிருந்தன.

பத்தொன்பது வருடப் பழக்கம்.
என் கணவர் இறந்தபோது வெள்ளை ரோஜா அனுப்பியவர்.
என் கூலிச் சீட்டில் கையெழுத்துப் போடுபவர்.
இந்த வேலையில் சேரும்போது
என்னிடம் யாரும் நடத்தை கேட்கவில்லை.
நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று மட்டும் கேட்டார்கள்.
இருநூற்று இருபத்தைந்து.

இரவு, சமையலறை மேசை, ஆறிய சூப்.
ஒலிகளைச் சொற்களாக்கி, சொற்களை வரிகளாக்கி
நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்து நின்றேன்.
பன்னிரண்டாம் வரி.
பதிவை நிறுத்து என்று முன்பே சொன்னால் நிறுத்தலாம்.
சொல்லிவிட்டுப் பின்னால் சொன்னால்?
விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்,
தெரிந்த பதிலைத் தெரியாததுபோல.

ஒரு முறை அழித்தேன்.
வரிகள் மேலேறி ஒட்டிக்கொண்டன,
சிரிப்பு மட்டும் காரணமில்லாமல் அங்கே நின்றது:
(சிரிப்பு).
அதையும் அழித்தால், அடுத்து அவள்
“மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை” என்கிறாள்.
அதையும் அழிக்க வேண்டும்.
இப்படியே போனால் எங்கே நிற்பது?

திரும்ப அடித்தேன், எழுத்தெழுத்தாக.
‘நடந்தது நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல்’
என்ற வாசகத்தின் கீழே கையெழுத்திட்டேன்.

கௌரவத்துக்காகவா, மாட்டிக்கொள்ளும் பயத்துக்காகவா
என்று என்னிடம் கேட்க ஒரு குழுவும் இல்லை.
அவளுக்கு உரிமம் கிடைத்ததா, தெரியாது;
அந்தக் கடிதம் என் வழியாகப் போகாது.

திங்கட்கிழமை காலை ப்ரெக்கே கூப்பிடுவார்.
கூப்பிடட்டும்.
சூப்பை மறுபடி அடுப்பில் வைத்தேன்.