தேத்தண்ணிக் கொப்பி

பதிவுத் தபாலில் வந்த கடிதம் சொன்னது:
"பன்னிரண்டு நாள் சமுகமளிக்காமையால்
தாங்களாகவே வேலையை விட்டு நீங்கியதாகக்
கருதப்படுகிறீர்கள்."

எங்கே நீங்கினோம்?
ஏறாவூரில், அதே கேற்றுக்கு வெளியே,
கச்சான் காற்று வாய்க்குள் மண் வாரிப் போட
கோஷத்தை மென்றுகொண்டு நின்றோம்.
உள்ளே என் மெஷின்
உறை கழற்றாமல் கிடப்பது தெரிகிற தூரம்.

வேலைநிறுத்தம் செய்தவரை நீக்க ஏலாது,
சட்டம் இருக்கு என்றார் சங்கத்துச் செயலாளர்.
இருக்குத்தான்.
நாங்கள் இருந்ததைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

மீராலெவ்வை காக்கா
கடன் கொப்பியைச் சாறனில் செருகிக்கொண்டு
மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார்.
தொழில் நியாயசபையில் கம்பனிச் சட்டத்தரணி
எச்சில் தொட்டுப் புரட்டினார்:
தவராணி, பிளேன்ரீ இரண்டு.
நளீமா, ஒன்று.
கோகிலவதனி, ஒன்று, வடை பாதி.
பன்னிரண்டு நாளும், திகதியோடு.
ஏழாம் நாளில் மட்டும்
'சீனி இல்லை' என்று ஒரு குறிப்பு.

தவணை ஐப்பசிக்குப் போயிற்று.
கொப்பி, முத்திரை குத்தப்பட்டு
அங்கேயே நின்றுவிட்டது.
"கணக்கு மனசில கிடக்கு புள்ள" என்ற காக்கா
பஸ் நிலையத்தடியில் புதிசு கேட்டார்,
நாற்பது பக்கம்.

"எண்பதில எடுங்க காக்கா"
என்றாள் நளீமா.